பழைய விண்டோஸை அழிக்கும் முன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் கணினி பழசாகிவிட்டது என்பதற்காக யாரும் உடனே புதிது வாங்குவதில்லை. மளிகைக் கடைக் கல்லாவில் இருப்பதும், கோயில் நிர்வாக அறையில் இருப்பதும், டியூஷன் மையத்தில் பிள்ளைகள் தட்டுவதும் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு முந்தைய பெட்டிகள்தாம். வேகம் குறைந்துவிட்டது என்று புகார் வந்தால், 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றைப் பொருத்தி அதில் புதிதாக விண்டோஸ் ஏற்றி, பழைய ஹார்ட்டிஸ்க்கை ‘டேட்டா வைத்துக்கொள்ளட்டும்’ என்று உள்ளேயே விட்டுக் கொடுப்பார்கள். நல்ல வேலைதான், செலவும் குறைவு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபின் இந்த மாதிரி வேலைகள் இன்னும் கூடியிருக்கின்றன.

பிரச்சினை அதற்குப் பிறகு வருகிறது. கணினியைத் திறந்தால் நீலத் திரையில் இரண்டு விண்டோஸ் பெயர்கள் வரிசையாக நின்று ‘எதைத் திறக்க?’ என்று கேட்கின்றன. 1 டிபி டிஸ்க்கில் பாதி இடத்தைப் பழைய விண்டோஸும் பழைய நிரல்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அழிக்கப் போனால் ‘அனுமதி இல்லை’ என்கிறது. பொறுமை போய் யாராவது பழைய டிஸ்க்கை மொத்தமாக ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் புதிய விண்டோஸும் எழுந்திருப்பதில்லை.

அழிப்பது ஐந்து நிமிட வேலை. எதை நம்பிப் புதிய விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. அதற்கு மிக நம்பகமான கருவி ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

கேபிள் சோதனை

ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரண ஷட் டவுனில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி விண்டோஸின் ஒரு பகுதியை டிஸ்க்கிலேயே உறைய வைத்துவிடும். ஷிஃப்ட்டோடு கொடுத்தால்தான் முழுமையாக அணையும். சுவர் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். பெட்டியின் பின்புறம் இரண்டு திருகுகளைக் கழற்றி, பக்கப் பலகையைப் பின்னோக்கித் தள்ளி எடுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, பழைய ஹார்ட்டிஸ்க்கில் இருக்கும் இரண்டு கேபிள்களையும் கழற்றுங்கள். மெலிதான சாட்டா டேட்டா கேபிளில் சின்ன உலோகக் கொக்கி இருந்தால் அதை அழுத்தியபடி இழுக்க வேண்டும். கொக்கியை மறந்து இழுத்தால் டிஸ்க்கின் எல் வடிவப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து கேபிளோடு வந்துவிடும், அதன்பின் அந்த டிஸ்க்கில் கேபிள் நிற்காது.

இப்போது கணினியைப் போடுங்கள். புதிய விண்டோஸ் தானாக வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ‘பூட் செய்ய டிஸ்க் இல்லை’ என்றோ, கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டோ நின்றால், கணினியை எழுப்பும் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் இருக்கின்றன என்று அர்த்தம். எதுவும் கெட்டுப்போகவில்லை. அணைத்து, கேபிளை மாட்டினால் பழையபடி ஓடும்.

மடிக்கணினியில் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பழைய டிஸ்க்கைச் செருகியிருந்தால், ஒரே ஒரு திருகு எடுத்தால் அந்தத் தட்டு வெளியே வந்துவிடும். கழற்ற வழியே இல்லாத மாடலில், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை நிரல்) அமைப்பில் அந்த சாட்டா போர்ட்டை முடக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸுக்குள் போய் டிஸ்க்கை ‘ஆஃப்லைன்’ ஆக்குவது இந்தச் சோதனைக்கு உதவாது. விண்டோஸ் எழுந்தபின்தான் அந்தக் கட்டளை வேலை செய்யும். நாம் பார்க்க வேண்டியதோ எழுவதற்கு முன் நடப்பதை.

ஏன் இப்படி ஆகிறது? விண்டோஸை ஏற்றும்போது அந்த நிறுவல் நிரல், கணினியில் ஏற்கெனவே ஒரு பூட் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பூட் ஃபைல்களுக்கான தனிப் பகுதி) இருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்ளப் பார்க்கும். பழைய டிஸ்க் மாட்டியிருக்கும்போது புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றினால், விண்டோஸ் ஃபோல்டர் எஸ்எஸ்டிக்கும், அதை எழுப்பும் சின்ன ஃபைல்கள் பழைய டிஸ்க்குக்கும் போய்விடுகின்றன. எஸ்எஸ்டி மட்டும் மாட்டிய நிலையில் ஏற்றியிருந்தால் இந்தச் சிக்கலே பிறந்திருக்காது. கடையில் கொடுத்துச் செய்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தால் போதும்: ‘பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள்.’

பூட் ஃபைல்களை இடம் மாற்றுவது

சோதனையில் கணினி எழாதவர்களுக்கு மட்டுமே இந்தப் பகுதி. எழுந்தவர்கள் தாண்டிப் போகலாம். கட்டளைகளைத் தமிழில் ஒலிப்புப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

இரண்டு டிஸ்க்கையும் மாட்டி, புதிய விண்டோஸைத் திறங்கள். ‘எம்எஸ்இன்ஃபோ32’ என்று ரன் பெட்டியில் கொடுத்தால் வரும் பட்டியலில் ‘பயாஸ் மோட்’ என்ற வரி இருக்கும். அதில் யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்றிருக்கிறதா, லெகசி (பழைய முறை) என்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

அடுத்து கமாண்ட் பிராம்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘டிஸ்க்பார்ட்’, பிறகு ‘லிஸ்ட் டிஸ்க்’. இங்கே டிஸ்க் எண்ணை நம்பாதீர்கள். டிஸ்க் 0 என்றால் பழையது, 1 என்றால் புதியது என்று எந்தச் சட்டமும் இல்லை. கேபிளை வேறு போர்ட்டில் செருகினால் எண் மாறும். அளவை வைத்து அடையாளம் காணுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதும் திரையில் தெரிவதும் ஒன்றாக இருக்காது: 240 ஜிபி என்பது 223 ஆகவும், 256 என்பது 238 ஆகவும், 500 என்பது 465 ஆகவும், 1 டிபி என்பது 931 ஆகவும் தெரியும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் ‘செலக்ட் டிஸ்க்’ கொடுத்துவிட்டு ‘டீடெயில் டிஸ்க்’ கொடுங்கள், மாடல் பெயர் வரும்.

‘லிஸ்ட் வால்யூம்’ கொடுத்தால் கடைசிப் பத்தியில் எது ‘பூட்’, எது ‘சிஸ்டம்’ என்று காட்டும். விண்டோஸ் ஃபோல்டர் இருப்பதை ‘பூட்’ என்றும், கணினியை எழுப்பும் ஃபைல்கள் இருப்பதை ‘சிஸ்டம்’ என்றும் மைக்ரோசாஃப்ட் குறிக்கிறது. நாம் நினைப்பதற்கு நேர் எதிர். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் இதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். யூஇஎஃப்ஐ கணினியில் அது எல்லா டிஸ்க்கிலும் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் (பூட் ஃபைல்கள் இருக்கும் சின்னப் பகுதி) ஒரே மாதிரிதான் காட்டும், எது பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லாது.

யூஇஎஃப்ஐ கணினியில் எஸ்எஸ்டிக்கென்று ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் வேண்டும். டிஸ்க்பார்ட்டிலேயே எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து, அதில் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனையும் தேர்ந்தெடுங்கள். ‘ஷ்ரிங்க் டிசையர்ட்=300’ என்று கொடுத்தால் 300 எம்பி இடம் விடுபடும். பிறகு ‘கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260’, அதையடுத்து ‘ஃபார்மட் குவிக் எஃப்எஸ்=ஃபேட்32’, ‘அசைன் லெட்டர்=இசட்’, ‘எக்சிட்’. விண்டோஸ் தானாகப் போட்டால் வழக்கமாக 100 எம்பி போடும். 260 கொடுப்பதற்குக் காரணம், 4கே செக்டர் டிஸ்க்குகளில் ஃபேட்32-க்கு அந்த அளவு தேவைப்படுகிறது, எதற்கும் போதும் என்பதால்தான். கடைசியாக:

‘பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் இசட்: /எஃப் யூஇஎஃப்ஐ’ (bcdboot C:\Windows /s Z: /f UEFI)

‘பூட் ஃபைல்கள் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டன’ என்ற பொருளில் ஒரு வரி வரும். வரவில்லை என்றால் பெரும்பாலும் இசட் எழுத்து ஒட்டவில்லை, அல்லது கமாண்ட் பிராம்ட் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கப்படவில்லை.

லெகசி கணினியில் இது எளிது. எஸ்எஸ்டியின் விண்டோஸ் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து ‘ஆக்டிவ்’ என்று கொடுங்கள். டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து ‘பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் சி: /எஃப் பயாஸ்’ (bcdboot C:\Windows /s C: /f BIOS). இங்கே எச்சரிக்கை ஒன்று உண்டு. யூஇஎஃப்ஐ கணினியின் ஜிபிடி டிஸ்க்கில் ‘ஆக்டிவ்’ கொடுக்கப் போகாதீர்கள். அது எம்பிஆர் டிஸ்க்குக்கு மட்டுமான கட்டளை. (ஜிபிடி, எம்பிஆர் இரண்டும் டிஸ்க்கில் பார்ட்டிஷன் பட்டியலை எழுதும் புதிய, பழைய முறைகள்.)

பின் பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் எஸ்எஸ்டியின் பெயர் கொண்ட ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ வரியை மேலே கொண்டுவாருங்கள். பயாஸுக்குப் பெரும்பாலும் எஃப்2 அல்லது டெலீட். பூட் மெனு மட்டும் வேண்டுமென்றால் டெல், லெனோவோ, ஏசர் கணினிகளில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9. அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி மறுபடி சோதியுங்கள். இந்த முறை எழ வேண்டும்.

சிலருக்கு இந்தக் கட்டுரை தாமதமாகக் கிடைத்திருக்கும்: பழையதை ஏற்கெனவே அழித்தாயிற்று, கணினி எழவில்லை. விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, அதிலிருந்து எழுப்பி, முதல் திரையிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்துங்கள். கமாண்ட் பிராம்ட் வரும். மேலே சொன்ன அதே கட்டளைகள்தாம். ஆனால் அங்கே விண்டோஸ் பார்ட்டிஷன் சி என்று இருக்காமல் டி, இ என்று மாறியிருக்கலாம். ‘டிர் டி:’, ‘டிர் இ:’ என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, விண்டோஸ், யூசர்ஸ் ஃபோல்டர்கள் எங்கே தெரிகின்றனவோ அந்த எழுத்தைக் கட்டளையில் போடுங்கள். லெகசி கணினி அதற்கும் எழவில்லை என்றால், பென்டிரைவின் பூட் ஃபோல்டரில் இருக்கும் ‘பூட்செக்ட்’ நிரலை ‘/என்டி60 /எம்பிஆர்’ சேர்த்து அந்த எழுத்துக்கு ஓட்டுங்கள்.

பழைய டிஸ்க்கில் ஒளிந்திருப்பவை

கேபிள் சோதனையில் கணினி எழுந்துவிட்டது என்பதால் உடனே அழித்துவிட வேண்டாம். என் தீர்ப்பு: கேபிளைக் கழற்றியபடியே ஒரு மாதக் கடைசியைத் தாண்டவிடுங்கள். மாதக் கடைசியில்தான் கணக்கு முடிப்பார்கள், சம்பளப் பட்டியல் போடுவார்கள், இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) சந்தாக்களைக் கணக்கிடுவார்கள். ‘அந்த ஃபைல் எங்கே?’ என்ற குரல் அப்போதுதான் எழும்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். தவறிப்போவது வேறு. கணக்கு மென்பொருள்கள் தங்கள் தரவை யூசர்ஸ் ஃபோல்டருக்குள் வைப்பதே இல்லை. யூபிஎஸ் (UBS) கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் கடைகளில் சி டிரைவின் வெளிமட்டத்திலேயே அதற்கென்று ஃபோல்டர் இருக்கும். எஸ்க்யூஎல் அக்கவுண்ட் என்றால் சி டிரைவில் ‘இஸ்ட்ரீம்’ ஃபோல்டருக்குள் பாருங்கள். ஆட்டோகவுண்ட் தரவு மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வருக்குள் இருக்கும். அதை ஃபைலாகக் காப்பி எடுத்து வேறு கணினியில் ஒட்டினால் சுலபமாகத் திறக்காது. பழைய விண்டோஸ் இன்னும் எழும் நிலையில் இருக்கும்போதே அதற்குள் போய், மென்பொருளின் சொந்த பேக்கப் வசதியில் ஒரு நகல் எடுத்துவிடுவதுதான் வழி. பழைய விண்டோஸை அழிக்குமுன் கடைசியாக ஒருமுறை அதற்குள் போய்வர வேண்டிய காரணங்களில் இது முதலாவது. வருமான வரிச் சட்டப்படி வியாபாரக் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால், ‘பழைய வருடக் கணக்கு வேண்டாம்’ என்று முதலாளி சொன்னாலும் கேட்காதீர்கள்.

இரண்டாவது, எழுத்துருக்கள். நம் ஊர்க் கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் அச்சகங்களிலும் பழைய திருவிழா அழைப்பிதழ், ஆண்டறிக்கை, பள்ளி மலர் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டியவை. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் அன்று வீட்டுக்கு வீடு இருந்தது. அதன் பழைய எழுத்துருக்கள், டிஸ்கி (யூனிகோடுக்கு முந்தைய ஒரு தமிழ்க் குறியீடு) வகை எழுத்துருக்கள் எல்லாம் பழைய சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்ற இடத்தில் கிடக்கின்றன. ஆவணங்களைப் பத்திரமாகக் காப்பி எடுத்துவிட்டு விண்டோஸ் ஃபோல்டரை அழித்தால், அந்தக் கோப்புகளைத் திறக்கும்போது தமிழுக்குப் பதில் புள்ளி வைத்த லத்தீன் எழுத்துகளாக வரும். ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் காப்பி எடுத்து வைப்பதற்கு அதிக இடம் தேவையில்லை. அதை எடுக்காமல் விட்டால், இருபது வருடத்து ஆண்டறிக்கைகளை யாரோ உட்கார்ந்து மறுபடி தட்ட வேண்டிவரும்.

மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் குரோம் புக்மார்க்குகள் இருக்கும். ஆனால் அங்கே இருக்கும் சேமித்த கடவுச்சொற்களைக் காப்பி எடுத்துப் பயனில்லை. அவை பழைய விண்டோஸின் பயனர் கணக்கோடு பூட்டப்பட்டவை. பழைய விண்டோஸுக்குள் போய் குரோமிலிருந்தே ஏற்றுமதி செய்ய வேண்டும். அவுட்லுக் மின்னஞ்சல் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் பிஎஸ்டி ஃபைலாக இருக்கும். ஒன்டிரைவ் ஃபோல்டரில் மேகக் குறி போட்ட ஃபைல்கள் பெயருக்குத்தான் டிஸ்க்கில் இருக்கின்றன, உள்ளடக்கம் இணையத்தில் இருக்கிறது. காப்பி எடுத்தால் பிழைதான் வரும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் அடிக்கும் கடைகள் தாங்கள் அமைத்த காகித அளவைப் பழைய விண்டோஸில் பிரிண்ட் சர்வர் பிராப்பர்டீஸ் திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஃபைலாகக் கிடைக்காது, புதிதில் கையால்தான் அமைக்க வேண்டும்.

பழைய டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். பொதுவாக அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். சாவி கையில் இல்லாமல் பழைய விண்டோஸை எழுப்பும் வழியைக் கெடுத்துக்கொண்டால், உள்ளே இருப்பது போயிற்று.

காப்பி எடுப்பதற்கு எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடுவதைவிட ‘ரோபோகாப்பி’ (robocopy) என்ற கட்டளை நல்லது. பழைய பயனர் ஃபோல்டர்களுக்குள் ‘அப்ளிகேஷன் டேட்டா’ போன்ற பெயரில் தன்னையே சுற்றிக்காட்டும் போலி ஃபோல்டர்கள் உண்டு. ‘/எக்ஸ்ஜே’ போட்டால் அவற்றைத் தாண்டிப் போகும். காலி ஃபோல்டர்கள் உட்பட எல்லா உள் ஃபோல்டர்களுக்கும் ‘/இ’. ‘/ஆர்:1 /டபிள்யூ:1’ இரண்டையும் கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால், படிக்க முடியாத ஒரு ஃபைலை ரோபோகாப்பி 30 விநாடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயன்றுகொண்டே இருக்கும். பேரப்பிள்ளை காலம் வரை ஓடும்.

அனுமதி இல்லை என்று வந்தால், யூசர்ஸ் ஃபோல்டரில் ‘கன்டினியூ’ கொடுத்தால் திறக்கும். பழைய டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டால் வேறு எதையும் முயலாமல் முதலில் காப்பி எடுங்கள். ‘செக்டிஸ்க் /ஆர்’ ஓட்டி ‘சரிசெய்துவிட்டு எடுப்போம்’ என்பது சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைப்பதுதான்.

அழிக்கும் வேலை

முதலில் பூட் மெனுவில் நிற்கும் பழைய பெயர். ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து பூட் பக்கத்துக்குப் போனால் இரண்டு வரிகள் தெரியும். ‘கரண்ட் ஓஎஸ்’ என்று குறித்திருப்பது நீங்கள் இப்போது உட்கார்ந்திருப்பது, அதைத் தொடாதீர்கள். மற்றதைத் தேர்ந்தெடுத்து டிலீட். இதோடு நீலத் திரைக் கேள்வி நின்றுவிடும். டிஸ்க்கில் ஒரு ஃபைல்கூட அழிந்திருக்காது, பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போயிருக்கும். சிலர் இந்த இடத்திலேயே வேலை முடிந்ததாக நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, புதிய விண்டோஸ் தன் பேஜ் ஃபைலை (நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) பழைய டிஸ்க்கில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிஸ்டம் பிராப்பர்டீஸ், அட்வான்ஸ்ட், பர்ஃபார்மன்ஸ், விர்ச்சுவல் மெமரி என்று போனால் தெரியும். இருந்தால் சி டிரைவுக்கு மாற்றி ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள்.

பழைய டிஸ்க் முழுவதையும் காலி செய்யலாம் என்ற நிலை இருந்தால் அதுதான் சுத்தமான வழி. டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ‘க்ளீன்’. இந்தக் கட்டளை ‘உறுதியா?’ என்று கேட்காது. என்டர் தட்டிய கணமே பார்ட்டிஷன் பட்டியல் போய்விடும். அதனால் தட்டுவதற்கு முன் மறுபடி ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுத்து, தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் முன் நட்சத்திரக் குறி இருப்பதையும் அளவு பழைய டிஸ்க்கினுடையதுதான் என்பதையும் பாருங்கள். வெளிப்புற பேக்கப் டிஸ்க் மாட்டியிருந்தால் முதலில் பிடுங்கிவிடுங்கள். பிறகு ‘கன்வர்ட் ஜிபிடி’, ‘கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி’, ‘ஃபார்மட் எஃப்எஸ்=என்டிஎஃப்எஸ் குவிக்’, ‘அசைன்’. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு ஜிபிடி கட்டாயம். சிறியதற்கும் அதுவே நல்லது.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் வலது கிளிக் செய்து அழிக்க முயன்றவர்கள், பழைய இஎஃப்ஐ பார்ட்டிஷன் மட்டும் அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அங்கே அதற்கு டிலீட் வசதி தராமல் வைத்திருக்கிறார்கள். டிஸ்க்பார்ட்டில் ‘டிலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு’ (delete partition override) கொடுத்தால் போகும்.

பழைய டிஸ்க்கில் சி, டி என்று இரண்டு பார்ட்டிஷன் இருந்து, டியில் கல்யாணப் படங்கள் நிறைந்திருக்கின்றன, வேறு இடம் இல்லை என்றால், பழைய விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்து தனி டிரைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதை அழித்து டியோடு ஒட்டலாம் என்று நினைத்தால் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். விண்டோஸ் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தைத்தான் சேர்க்கும்; பழைய சி இருந்ததோ டியின் இடப்பக்கம். வேறு நிறுவனங்களின் பார்ட்டிஷன் மென்பொருள் டியையே இடப்பக்கம் நகர்த்தித் தரும்தான். ஆனால் ஒவ்வொரு ஃபைலையும் இடம்பெயர்க்கும் அந்த வேலை மணிக்கணக்கில் ஓடும், நடுவில் மின்சாரம் போனால் டி டிரைவ் அரைகுறையாக நிற்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் இடி இறங்கும் பட்டணத்தில், யூபிஎஸ் (UPS, மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரி) இல்லாமல் இதைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒரே பார்ட்டிஷனில் விண்டோஸும் தரவும் கலந்து கிடக்கிறது, ஃபார்மட் செய்ய வழியில்லை என்ற நிலைதான் மிக எரிச்சலானது. விண்டோஸ் ஃபோல்டரின் உரிமையாளர் ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்ற உள்ளமைக் கணக்கு. நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தாலும் அழிக்க விடாது. பழைய டிஸ்க் இ என்று வைத்துக்கொள்வோம். ‘டேக்ஓன் /எஃப் இ:\விண்டோஸ் /ஆர் /டி ஒய்’ (takeown /f E:\Windows /r /d y) கொடுத்து உரிமையை வாங்கி, ‘ஐகேக்ல்ஸ் இ:\விண்டோஸ் /கிராண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்:எஃப் /டி’ (icacls E:\Windows /grant administrators:F /t) கொடுத்து அனுமதி வாங்கி, ‘ஆர்டி /எஸ் /க்யூ இ:\விண்டோஸ்’ (rd /s /q E:\Windows) கொடுத்தால் அழியும். ஒவ்வொன்றும் பல்லாயிரம் ஃபைல்களைத் தொடுவதால் பழைய சுழலும் டிஸ்க்கில் நேரம் பிடிக்கும். எழுத்து இ என்பதை மூன்று முறை சரிபாருங்கள். சி என்று தட்டிவிட்டால் புதிய விண்டோஸின் அனுமதிகள் கலைந்துவிடும். இரண்டு புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களுக்கும் புரோகிராம் டேட்டாவுக்கும் இதே மூன்று அடிகள். வெளிமட்டத்தில் மறைந்திருக்கும் ‘ஹைபர்ஃபில்’, ‘பேஜ்ஃபைல்’, ‘ஸ்வாப்ஃபைல்’ மூன்றையும் அழித்தால் சில ஜிபி இடம் சட்டென்று கிடைக்கும். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டரை விட்டுவிடுங்கள். புதிய விண்டோஸும் அதைப் பயன்படுத்தும். யூசர்ஸ் ஃபோல்டரைக் கடைசிவரை தொடாதீர்கள்.

‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டரை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அதே டிஸ்க்கில் விண்டோஸை மேம்படுத்தும்போது உண்டாவது. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியில் தற்காலிக ஃபைல்களோடு சேர்த்து அழித்துவிடலாம்.

பழைய டிஸ்க்கில் இருந்தது விண்டோஸ் அல்ல, உபுண்டு என்றால், டிஸ்க்கைக் காலி செய்தபின்னும் பூட் பட்டியலில் அதன் பெயர் நிற்கலாம். ‘மவுண்ட்வால் இசட்: /எஸ்’ (mountvol Z: /s) கொடுத்தால் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இசட் எழுத்தில் தெரியும், அதற்குள் இஎஃப்ஐ ஃபோல்டரில் இருக்கும் ‘உபுண்டு’ ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். பக்கத்தில் இருக்கும் ‘மைக்ரோசாஃப்ட்’ ஃபோல்டர் உங்கள் விண்டோஸ். பயாஸ் பட்டியலில் இன்னும் அந்தப் பெயர் இருந்தால் ‘பிசிடிஎடிட் /எனும் ஃபர்ம்வேர்’ (bcdedit /enum firmware) கொடுத்து, அதன் நீளமான அடையாள எண்ணைப் பிடித்து ‘பிசிடிஎடிட் /டிலீட்’ கொடுக்க வேண்டும்.

காலி செய்த டிஸ்க்கை மறுபடி பயன்படுத்தலாமா?

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் மூன்று வரிகளை மட்டும் பாருங்கள்: 05, சி5, சி6. மூன்றும் பூஜ்யம் என்றால் பேக்கப் வைக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சி5 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் இருக்கின்றன. முக்கியமான எதையும் அதில் வைக்காதீர்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள்; அதில் சிறிய எண் இருந்து, மாதக் கணக்கில் மாறாமல் நின்றால் தப்பில்லை. ஏறிக்கொண்டே போனால் கழற்றிவிடுங்கள்.

டிஸ்க்கை விற்கவோ கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் ‘க்ளீன்’ போதாது. அது பட்டியலைத்தான் கிழிக்கிறது. இலவச மீட்பு நிரல் ஒன்றே உள்ளே இருந்த அத்தனையையும் திருப்பி எடுத்துவிடும். தொழிலாளர் அடையாள அட்டை எண், சம்பளப் பட்டியல், கோயில் நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் இருந்த டிஸ்க்குக்கு ‘க்ளீன் ஆல்’ கொடுங்கள். ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் எழுதும். விநாடிக்கு 120 எம்பி எழுதும் டிஸ்க் என்றால் 1 டிபிக்கு இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், யூஎஸ்பி 2.0 அடாப்டர் வழியாக என்றால் ராத்திரி முழுக்க ஓடும். நடுவில் முன்னேற்றம் எதுவும் திரையில் காட்டாது, தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். எஸ்எஸ்டிக்கு இந்த வழி பொருந்தாது. தயாரிப்பாளரின் சொந்த நிரலில் இருக்கும் செக்யூர் இரேஸைப் பயன்படுத்துங்கள்.

ஓடாத டிஸ்க்கில் பூஜ்யம் எழுத முடியாது. அதைத் தெருவில் வரும் பேப்பர் லாமா (பழைய பேப்பர், பழைய சாமான் வாங்கும்) லோரியில் அப்படியே போடுவதைவிட, டி8 டார்க்ஸ் ஸ்க்ரூ டிரைவரில் மேல் மூடியைத் திறந்து, கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுகளை ஆழமாகக் கீறிவிடுங்கள். மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்குக் கீழும் ஒரு திருகு ஒளிந்திருக்கும். மடிக்கணினி டிஸ்க்குகளில் சிலவற்றின் தட்டு கண்ணாடியிலேயே செய்தது, அடித்தால் சிதறும். துணியில் சுற்றிக்கொண்டு உடையுங்கள். மலேசியாவில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற பட்டியலிடப்பட்ட கழிவு வகையில் வருகிறது. உடைத்த டிஸ்க்கைக் குப்பைத் தொட்டியில் போடாமல், சுற்றுச்சூழல் இலாகாவின் இ-கழிவு சேகரிப்பு மையங்களில் ஒன்றில் கொடுங்கள்.